ஒற்றை ஆள் வண்டி

செப்டம்பர் 2

வண்டி வந்து இறங்கியது, காடுமேட்டில் ஓட்டுகிற நாலு சக்கர ஏடிவி. மீட்டரில் 0.6 மணி. எனக்கு முன்னால் அந்த 0.6-ஐ ஓட்டியது யார் என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஷெட் சுவரில் பென்சிலால் தேதி போட்டு எழுதி வைத்தேன். இனி ராத்திரிதோறும் எழுத வேண்டும். முதல் சர்வீஸ் 20 மணி நேரத்தில். டிராக்டர் மாதிரி மணிக் கணக்குதான், கிலோமீட்டர் இல்லை.

படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. எடை 330 கிலோ. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பார்க்கில் போட்டிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“சீட் நல்லா நீளமா இருக்கு” என்றார்.

செப்டம்பர் 3

வலது கட்டைவிரல் விண்விண் என்று வலிக்கிறது. பைக்கில் முறுக்கிப் பழகிய கை. இதில் ஆக்ஸிலேட்டரைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். மேடுபள்ளத்தில் உடம்பு முன்னும் பின்னும் ஆடும்போது முறுக்குகிற வகையாக இருந்தால் கையோடு சேர்ந்து தானாகத் திருகிக்கொள்ளும், அதனால் இப்படி. காரணம் எனக்குப் புரிகிறது. விரலுக்குப் புரியவில்லை.

முதல் 10 மணி நேரம் பாதிக்கு மேல் அழுத்தக் கூடாது, ஒரே வேகத்திலும் ரொம்ப நேரம் போகக் கூடாது என்கிறது புத்தகம். பெல்ட் வண்டி, கியர் மாற்றும் வேலை கிடையாது. ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ், பார்க், அவ்வளவுதான். லோவில் விரலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்த மாதிரி மட்டுப்படுகிறது. நாலு சக்கரமும் இழுக்கும்படி பொத்தானை அழுத்தினால் ஹேண்டில் கனத்துப்போகிறது. முன் சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுகிற டிஃப் லாக் போட்டால் மாட்டுக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற கதைதான்.

அரை மணி நேரத்தில் வலது தொடையில் எஞ்சின் சூடு. இதை யாரும் சொல்லவில்லை.

மீட்டர் 1.9.

செப்டம்பர் 4

மழை. ஓட்டவில்லை. மூன்று தடவை ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 6

வேலிக் கம்பங்கள். முன் கேரியரில் 45 கிலோ, பின் கேரியரில் 90 என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. தள்ளுவண்டியில் போன வருஷம் இரண்டு நாள் இழுத்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. முடிந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்காகவே கீழ் வேலி ஓரமாக இன்னொரு சுற்று போனேன்.

பாரம் ஏற்றினால் வண்டியின் குணமே மாறிவிடுகிறது. நிற்க நேரம் எடுக்கிறது. திருப்பத்தில் பின்பக்கம் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வருகிறது.

சாயங்காலம் அப்பா: “மேட்டுக்குப் போற வழி காஞ்சிருக்குமா?”

காய்ந்திருக்காது என்றேன். காய்ந்திருக்கும்.

மீட்டர் 5.2.

செப்டம்பர் 7

இன்று நேராகவே கேட்டுவிட்டார். “பின்னாடி நான் உட்கார்ந்துக்கறேன். ஒரு தடவை மேல போயிட்டு வந்துடலாம்.”

பெட்ரோல் டேங்கின் மேல் அந்த ஸ்டிக்கர். ஒரு ஆள் படம், பின்னால் இன்னொரு ஆள், குறுக்கே சிவப்புக் கோடு. கூட்டிப்போய்க் காட்டினேன்.

“அப்ப சீட்ட எதுக்குடா இவ்வளவு நீளமா வெச்சான்?”

செப்டம்பர் 9

தூக்கம் வரவில்லை.

சீட் ஏன் நீளம் என்றால், ஓட்டுகிறவன் நகர்வதற்கு. ஏற்றத்தில் முன்னால் நகர வேண்டும், இறக்கத்தில் பின்னால். பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். வண்டி உயரமானது, அகலம்தான் குறைவு. அதை நிமிர்த்தி வைத்திருப்பதில் பாதி வேலை நம் உடம்பினுடையது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் என்னால் நகர முடியாது, அவர் எடை முழுக்கப் பின் சக்கரத்தின் மேல், முன் சக்கரம் லேசாகிவிடும். அப்பா 58 கிலோ. அதுவும் போன மாதக் கணக்கு.

இந்த வண்டிகளின் பழைய கதையைப் படித்துக்கொண்டிருந்தேன், படித்திருக்கக் கூடாது. 1970-ல் ஹோண்டா கொண்டுவந்தது மூன்று சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, பலூன் மாதிரி டயர். அந்த டயர்தான் சஸ்பென்ஷனும். 1982-ல் சுசுகி நாலு சக்கரத்தில் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் திருப்பத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து, 1988-ல் அமெரிக்க அரசோடு கம்பெனிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு அங்கே புதிதாக விற்பதே நின்றுபோனது. ஒரு சக்கரம் கூடியதால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறதே.

பக்கத்தில் ஒருவர் உட்கார்கிற வகையும் உண்டு. ஸ்டீயரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல் கம்பிக்கூண்டு எல்லாம் வைத்து. அதையும்தான் பார்த்தேன். அகலமாக இருக்கிறது, மரங்களுக்கு நடுவே போகாது என்று சொல்லி இதை வாங்கினேன். யாரிடம் சொன்னேன் என்று யோசித்தால், என்னிடமேதான்.

மணி 2.40.

செப்டம்பர் 10

டயரில் காற்று வெறும் 5 பிஎஸ்ஐ. கார் டயருக்கு 30-க்கு மேல் வைத்துப் பழகிய என் கேஜில் முள் எழுந்திருக்கவே இல்லை. பஞ்சர் என்று பயந்து பம்பு போட்டேன். நன்றாக அடித்துவிட்டு ஓட்டினால் வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் பந்து மாதிரி எகிறுகிறது. குறைந்த அளவு காட்டும் கேஜ் வண்டியோடு கொடுத்த பையிலேயே இருந்தது, பிரிக்காமல். இறக்கிவிட்டேன். இப்போது டயர் கல்லை அப்படியே வாயில் கவ்விக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 12

மேட்டுச் சரிவில் ஏறப் பார்த்தேன். தப்பு என்னுடையது. பின் கேரியரில் மிச்சக் கம்பங்கள் 60 கிலோ இருக்கும், முன்னால் ஒன்றுமில்லை. பாதி ஏறியதும் ஹேண்டில் திடீரென்று லேசாகிவிட்டது. பவர் ஸ்டீயரிங்தான் வேலை செய்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். பார்த்தால் இடது முன் சக்கரம் மண்ணை விட்டு ஒரு விரற்கடை மேலே, சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

விரலை எடுத்துப் பிரேக் பிடித்தேன். நின்றது. அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, நின்ற வாக்கிலேயே ஒரு முழம் பின்னால் சறுக்கியது. ஈர மண் டயரின் கட்டைகளுக்கு நடுவே பிதுங்கி வரும் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு சத்தம். பார்க்கில் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்கினேன். கால் நடுங்கியது என்று இங்கே எழுதலாம், வேறெங்கும் சொல்ல மாட்டேன்.

கம்பங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே போட்டேன். சரிவில் திருப்பக் கூடாது, குறுக்கே திரும்பினால்தான் உருளும். ரிவர்ஸில் போட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, நேராகவே இறங்கி வந்தேன். 25 டிகிரிக்கு மேல் ஏறாதே என்று புத்தகம் சொல்கிறது. அந்தச் சரிவு 20 கூட இருக்காது.

வீட்டில் “எப்படி இருந்துச்சு?”

“சும்மா போயிட்டு வந்தேன்.”

செப்டம்பர் 13

மீட்டர் 9.8. அதே 9.8.

செப்டம்பர் 15

வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கிற மோட்டார் உருளை. புதுக் கயிற்றை முழுக்க அவிழ்த்து, ஒரு பாரத்தை இழுத்தபடியே திரும்பச் சுற்ற வேண்டுமாம். இல்லையென்றால் பிறகு கனமாக இழுக்கும்போது மேல் சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். கடைசி ஐந்து சுற்றை உருளையை விட்டு எடுக்கவே கூடாது. பாதையில் விழுந்து கிடந்த மரத்தில் கட்டி இழுத்தேன். 1,130 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது. மரம் முனகிக்கொண்டே வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு இழுத்தால் பேட்டரி படுத்துவிடும் என்பதால் உறுமவிட்டபடியே.

இன்று நாள் முழுக்க நல்ல மனநிலை. காரணம் தெரியாது. மரம்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 16

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன்.

செப்டம்பர் 18

ஏறிவிட்டேன். பாரம் இல்லாமல், லோவில், நாலு சக்கரத்திலும், சீட்டின் முன் விளிம்புக்கு நகர்ந்து, மார்பு கிட்டத்தட்ட ஹேண்டிலைத் தொட. விரலை ஒரே அளவில் வைத்திருந்தேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். மேலே போய் எஞ்சினை நிறுத்தியதும் காது அடைத்த மாதிரி அமைதி.

அப்பா வைத்த மரங்கள் என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம். மூன்றாவது வரிசையில் ஒன்று பட்டுப்போயிருக்கிறது. போட்டோ எடுத்து வந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்குக்கிட்ட பிடித்துப் பார்த்தார்.

“மரம் எங்கடா? டயர்தான் தெரியுது.”

எல்லாப் படத்திலும் வண்டி. உண்மைதான். பட்டுப்போன மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

மீட்டர் 14.1.

செப்டம்பர் 19

“டிரெய்லர் கோத்துக்க. நான் அதுல உட்கார்ந்துக்கறேன்.”

டிரெய்லரிலும் ஆள் ஏற்றக் கூடாது என்றேன்.

“எல்லாத்துலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான் உனக்காக.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நாள் முழுக்கப் பேசாமல் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 20

ஷெட்டில் வைத்து, எஞ்சின் போடாமல், ஏறி உட்காரச் சொன்னேன். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் தோளைப் பிடித்து, என்னைவிட லாவகமாகக் காலைத் தூக்கிப் போட்டார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிரேக் எது, இது என்ன, அது எதற்கு, எல்லாம் கேட்டார். சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். கட்டைவிரலை வைத்து இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, “இது சுலபமா இருக்கே” என்றார்.

செப்டம்பர் 21

கீழ்ப் பாதை மட்டும். மீட்டர் 17.6. நாளைக்குப் போய் ஆயிலும் ஃபில்டரும் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 22

வாங்கி வந்தேன், நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அப்பா வாசலில் அதே நாற்காலியில், தூங்குகிறார். சாவி ஆணியில்தான் தொங்குகிறது. சுவரில் என் கையெழுத்தில் 17.6.

மீட்டரில் 18.0.

கைத்தடி முன் கேரியரில், ரப்பர் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. கொக்கி மாட்டியிருப்பது நான் மாட்டுகிற பக்கம் இல்லை.