ஐந்து மாதம்

“நான் அந்தப் பள்ளியில படிக்கல சார், போய் உக்காந்திருந்தேன்” என்று அந்தப் பெண் சொன்னதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. சொன்ன பதில், “ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும் அம்மா” என்பது.

2025 பொறியியல் சேர்க்கையில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. காரணம் கையிலேயே இருந்தது. ஆறாம் வகுப்புக்கு இரண்டு படிப்புச் சான்றுகள்: நவம்பர் வரை தலைஞாயிறு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மன்னார்குடியில் மாமா வீட்டிலிருந்து போன ஓர் அரசு உதவிபெறும் பள்ளி. இரண்டுக்கும் நடுவில் 2018 நவம்பர் 16, கஜா புயல். முதல் சான்றின் ஓரத்தில், சேர்க்கைப் பதிவேடு நனைந்துவிட்டதால் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வழங்கப்படுகிறது என்று தலைமையாசிரியர் பச்சை மையில் எழுதியிருந்தார். ஏழாம் வகுப்பிலிருந்து மீண்டும் அரசுப் பள்ளிதான்.

“அங்கயும் வாத்தியாருக்குச் சம்பளம் கவர்மெண்டுதானே சார் குடுக்குது?” என்றார் அவள் அப்பா. டெல்டாவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதில் தவறும் இல்லை. ஆனால் இந்த ஒதுக்கீட்டைத் தந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு அதில் இடம் உண்டு, புயலுக்கு இல்லை. இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியிருக்கும்.

அவள் இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதி வந்திருந்தாள். “இது நிற்காது” என்று நான் சொன்னதும் அதை மடித்துவிட்டாள். பொய்யான நம்பிக்கை கொடுத்து அலைய விடுவதைவிட அதுவே நல்லது என்று அப்போது நினைத்தேன். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகையையும் எடுத்துச் சொன்னேன். அதில் விடுதிக் கட்டணம் வராது என்பது எனக்குத் தெரியும், 7.5 விழுக்காட்டில் இடம் கிடைத்திருந்தால் விடுதிச் செலவையும் அரசே ஏற்றிருக்கும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

மனுவை வாங்கி மேலே அனுப்புவதுதான் என் வேலை, நிற்குமா நிற்காதா என்று முடிவு செய்வது அல்ல. அன்று காலையில்தான், கெடு முடிந்தபின் விளையாட்டுச் சான்று கொண்டுவந்து சத்தம் போட்ட ஒருவரின் மனுவை, அதுவும் நிற்காது என்று தெரிந்தே, ஆளை அனுப்பினால் போதும் என்று வாங்கி வைத்தேன். இவர்கள் சத்தம் போட்டிருந்தால் வாங்கியிருப்பேனா? வாங்கியிருப்பேன். வாங்கினாலும் அது தள்ளுபடிதான் ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. ஆனால் தள்ளுபடி செய்தவர் வேறொருவராக இருந்திருப்பார். புயல் என்ற சொல்லும் ஏதேனும் ஒரு கோப்பில் ஏறியிருக்கும்.

வேதாரண்யம் பேருந்துக்கு நேரமாகிறது என்று அவள் அப்பாதான் அவளை எழுப்பி அழைத்துச் சென்றார். நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை.