அமைச்சரவை ஒப்புதலுக்கு முன்னும் பின்னும்: ஒரு கோப்பு நடக்கும் பாதை

'மத்திய அமைச்சரவை ஒப்புதல்' என்று டிவியில் செய்தி ஓடியதுமே திட்டம் வந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல் நடுவழியில் வரும் ஒரு கட்டம்தான். அதற்கு முன்பு ஒரு கோப்பு மாதக்கணக்கில் அலைந்திருக்கும். அதற்குப் பிறகும் ஆணை வெளிவர வேண்டும். அரசின் நிர்வாகப் பிரிவு எப்படி இயங்குகிறது என்று புரிய வேண்டுமானால் அந்தக் கோப்பின் பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் நல்ல வழி.

அரசியல் சட்டம் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உரியது (பிரிவு 53). அமைச்சர்கள் தரும் ஆலோசனைப்படிதான் அவர் அதைப் பயன்படுத்த முடியும் (பிரிவு 74). 1976இல் வந்த 42வது திருத்தம் இதை வெளிப்படையாக எழுதியது. 1978இல் வந்த 44வது திருத்தம், ஒரே ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப இடம் கொடுத்தது. மறுபடியும் ஆலோசனை வந்துவிட்டால் ஏற்றே ஆக வேண்டும். தமிழில் ஒரு குழப்பம் உண்டு. இணை அமைச்சர்கள் உட்பட எல்லோரும் சேர்ந்த பெரிய குழுவையும் அமைச்சரவை என்கிறோம், அதற்குள் மூத்த அமைச்சர்கள் மட்டும் இருக்கும் கேபினட்டையும் அமைச்சரவை என்கிறோம். பெரிய குழுவுக்கு 2003இன் 91வது திருத்தம் உச்சவரம்பு வைத்தது: மக்களவையின் மொத்த இடங்களில் 15 சதவீதம். 543 இடங்களுக்கு 81 பேர். முடிவெடுப்பது கேபினட்.

அன்றாட வேலையை நடத்துவது 77(3) பிரிவின் கீழ் 1961இல் பிறந்த இரண்டு விதித் தொகுப்புகள். எந்தப் பொருள் எந்தத் துறைக்கு என்பதை அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் சொல்கின்றன. அதை யார் முடிவு செய்யலாம், யாரைக் கேட்டுவிட்டு, எதை கேபினட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை அலுவல் நடத்து விதிகள் சொல்கின்றன. செய்தித்தாள் படிப்பவர்களில் மிகச் சிலருக்கே இவை தெரியும். என்னைக் கேட்டால், பள்ளிப் பாடத்தில் கேபினட்டைப் பற்றி எழுதும் அளவுக்கு இவற்றைப் பற்றியும் எழுத வேண்டும்.

ஒரு துறை ஐந்து ஆண்டுகளுக்கு 1,200 கோடி ரூபாயில் புதிய திட்டம் கொண்டுவர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பு தொடங்குவது பிரிவு அலுவலகத்தில். காகிதக் கோப்பைத் திறந்தால் ஒரு பக்கம் பச்சைத் தாளில் வரிசை எண் போட்ட பத்திகளாக அலுவலர்களின் குறிப்புகள், மறுபக்கம் கடிதங்களும் ஆவணங்களும். இப்போது பெரும்பாலும் இ-ஆபீஸ் திரையில் ஓடினாலும் அமைப்பு அதேதான். உதவிப் பிரிவு அலுவலர் எழுதத் தொடங்குவார். பிரிவு அலுவலர், சார்புச் செயலர், இயக்குநர் அல்லது துணைச் செயலர், இணைச் செயலர் என்று ஏறி, செயலர் வழியாக அமைச்சரிடம் போகும். ஒவ்வொருவரும் முந்தையவரோடு உடன்படலாம், மாறுபட்டு எழுதலாம். எழுதியதை அழிக்க முடியாது. அந்தப் பச்சைத் தாளின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. 'அமைச்சர் வாய்மொழியாகச் சொன்னார்' என்பது பிறகு எவரையும் காப்பாற்றாது. வாய்மொழி உத்தரவுகளை அதிகாரிகள் பதிவு செய்ய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அடுத்தது பணம். நிதியமைச்சகம் ஏற்கெனவே அதிகாரம் ஒப்படைத்த செலவுகளைத் தவிர, அதன் முன் இசைவு இல்லாமல் செலவு வைக்கும் ஆணையை ஒரு துறை வெளியிடக் கூடாது என்பது அலுவல் நடத்து விதிகளின் விதி 4. ஒவ்வோர் அமைச்சகத்துக்குள்ளும் நிதி ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், முதல் கேள்வி அவரிடமிருந்தே வரும். 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 500 கோடிக்கு மேற்பட்ட திட்டங்களை நிதியமைச்சகத்தின் செலவினச் செயலர் தலைமையிலான செலவின நிதிக் குழு ஆராயும். ஒப்புதலுக்குத் தனி ஏணி: 100 கோடி வரை துறைச் செயலர், 500 வரை துறை அமைச்சர், 1,000 வரை அவரோடு நிதியமைச்சரும் சேர்ந்து, அதற்கு மேல் கேபினட். நம் 1,200 கோடி கேபினட்டுக்குப் போயே தீர வேண்டும்.

அதற்காக எழுதப்படுவதுதான் கேபினட் குறிப்பு. வரைவு நிலையிலேயே தொடர்புடைய எல்லா அமைச்சகங்களுக்கும் பிரதமர் அலுவலகத்துக்கும் போகும். வருகிற ஒவ்வொரு கருத்தையும், அதற்குத் துறை சொல்லும் பதிலையும் இறுதிக் குறிப்போடு இணைக்க வேண்டும். பெரும்பாலான தாமதங்கள் இங்கேதான். நிதி இசைவு வாங்கிய பிறகு பயனாளிகளின் வரையறையைக் கொஞ்சம் மாற்றிவிடுவார்கள். செலவுக் கணக்கு மாறிவிடும், கோப்பு மறுபடி முதல் படிக்கு வரும். இன்னொரு துறை 'இது எங்கள் பொருள்' என்று ஒதுக்கீட்டு விதியைக் காட்டும். சட்ட அமைச்சகத்தைக் கடைசி வாரத்தில் கேட்பார்கள். விதியையே திருத்த வேண்டும் என்று பதில் வரும். துறைகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் கேபினட் செயலர் தலைமையிலான செயலர்கள் குழு உட்கார்ந்து தீர்க்கும். ஆகவே கேபினட் மேசைக்குக் குறிப்பு வரும்போது பெரிய சண்டைகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். தீராதவை மட்டுமே அமைச்சர்கள் முன் வரும்.

இந்த வரிசை முழுவதையும் தாண்டிப் போக ஒரு வாசலும் இருக்கிறது. அலுவல் நடத்து விதிகளின் விதி 12இன்படி, எந்த நேர்விலும் விதிகளிலிருந்து விலகப் பிரதமர் அனுமதிக்கலாம். கேபினட் பின்னர் ஒப்புதல் தரும். 2019 நவம்பர் 23 அதிகாலை 5.47க்கு மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டது இந்த விதியின் வழியாகத்தான். அவசரநிலைகளுக்கு இப்படி ஒரு விதி தேவை. ஆனால் கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில் எல்லா அமைச்சர்களும் சுமக்கும் முடிவை அவர்கள் பார்ப்பதற்கு முன்பே நடைமுறைப்படுத்துவது அரிதாகவே இருக்க வேண்டும்.

கேபினட் முடிவு நடவடிக்கைக் குறிப்பாகத் துறைக்கு வந்த பிறகுதான் ஆணை எழுதப்படும். பிரிவு 77இன்படி எல்லா நிர்வாக நடவடிக்கையும் குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கும். கீழே கையெழுத்துப் போடுவது சார்புச் செயலரோ அவருக்கு மேற்பட்டவரோ. பிரிவு அலுவலரின் கையெழுத்து போதாது. விதி, அறிவிக்கை என்றால் அரசிதழில் வர வேண்டும். கோப்பில் அமைச்சர் 'சரி' என்று எழுதியதை வைத்து யாரும் உரிமை கோர முடியாது. பின்னர் பஞ்சாபோடு இணைந்த பெப்சு மாநிலத்தில் பணிநீக்கமான ஓர் அரசு ஊழியருக்குச் சாதகமாக அமைச்சர் கோப்பில் எழுதியிருந்தார். ஆணையாக மாறி ஊழியருக்குத் தெரிவிக்கப்படாத வரை அது அரசின் முடிவே அல்ல என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே உங்களுக்கு வர வேண்டிய உதவித்தொகையோ ஊதிய உயர்வோ 'ஒப்புதல் ஆகிவிட்டது' என்று யாராவது சொன்னால், ஆணை எண்ணையும் தேதியையும் கேளுங்கள். அவை கிடைக்காவிட்டால் கோப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு, கேபினட் முடிவையும் அதன் காரணங்களையும் அடிப்படையான ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(i) பிரிவு. விலக்குகளில் வரும் தகவல்களை மட்டும் நிறுத்தி வைக்கலாம். மனுவில் திட்டத்தின் பெயரோடு நிற்காமல், 'கேபினட் குறிப்பும் அதனுடன் இணைத்த அமைச்சகங்களின் கருத்துகளும்' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.