இரண்டு மணி அலாரம்

அம்மா பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதம் ஆகிறது. ஏர் பெட் போட்டால் புண்ணே வராது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, முதல் மாதம் ராத்திரியில் நன்றாகத் தூங்கினேன். ஒரு நாள் உடம்பு துடைக்கும்போது வால் எலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவே இல்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பமே அதுதான் என்றார் வீட்டுக்கு வந்த நர்ஸ். எந்த மெத்தையானாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. நானோ தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

இப்போது 10, 12, 2, 4 என்று அலாரம். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே பழைய சேலைச் சுருட்டு, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. நேற்று 2 மணிக்குப் புரட்டியபோது அம்மா குழறலாகக் கேட்டாள்: “சாப்பிட்டியாடி?”