பூட்டிய வீட்டு வண்டியும் ஒழுகும் கார்பரேட்டரும்

காரைக்குடியில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறைக்கு, மார்கழியில் நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு நெருங்கும்போதும் கல்யாண மாதங்களிலும் வரும் வண்டிகள் பலவற்றுக்குக் குறை ஒன்றுதான்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழும் குடும்பங்கள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உள்ள பூர்வீக வீடுகளுக்கு விசேஷத்தின்போது மட்டும் வருகின்றன. அதுவரை அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100, சித்தப்பா வாங்கிய சிடி 100 போன்ற வண்டிகள், பெட்ரோல் டேப் மூடப்படாமலே நிற்கின்றன. ஓடித் தேய்ந்த வண்டிகளைவிட இப்படி நின்று கெட்ட வண்டிகளே எங்களுக்கு அதிக வேலை வைக்கின்றன.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசுபிசுப்பான பழுப்புப் படிவை விட்டுச் செல்கிறது. பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் என்ற ஊசி உட்காரும் பித்தளை சீட்டில் அது ஒட்டுகிறது. நீடிலின் ரப்பர் முனை இறுகுகிறது. கிண்ணத்தின் விளிம்பில் உள்ள ஓரிங் என்ற ரப்பர் வளையம் சப்பையாகிவிடுகிறது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. 1980களிலும் 90களிலும் வந்த வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

ஒழுகும் இடத்தைக் கண்ணால் காணாமல் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கார்பரேட்டரின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு, டேப்பைத் திறந்து, முதல் ஈரம் எங்கே தோன்றுகிறது என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு நனைந்தால் ஓரிங்கை மாற்றினால் போதும். அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவில் கசிந்தால் அதன் வாஷர். மேலே டேப்பிலோ ரப்பர் குழாயிலோ தொடங்கி வழிந்து வந்தால் கார்பரேட்டரைக் கழற்றவே வேண்டியதில்லை. பழைய அலுமினிய உடம்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் மரை கொஞ்சம் தேய்கிறது என்பதால், காரணமில்லாமல் திறப்பதை நான் விரும்புவதில்லை.

ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டுவதுதான் அதிகக் கவனம் கேட்கும் குறை. வீட்டு மாடித் தொட்டியில் பந்து வால்வு தண்ணீரை நிறுத்துவதுபோல, கிண்ணத்தில் பெட்ரோல் உயரும்போது ஃப்ளோட் என்ற மிதவை மேலெழுந்து நீடிலைச் சீட்டில் அழுத்தி வரத்தை நிறுத்துகிறது. அது நிறுத்தத் தவறினால், மிஞ்சியது ஓவர்ஃப்ளோ வழியாக வெளியேறுகிறது. சொட்டு நின்றால் போதும் என்று அந்தக் குழாயின் வாயை அடைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் வேலை. வெளியே போக வழியற்ற பெட்ரோல் இன்டேக் வழியாக இன்ஜினுக்குள் இறங்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அதனால், அடைத்த நிலையில் வரும் அத்தகைய ஒவ்வொரு வண்டியிலும் முதலில் ஆயிலை முகர்ந்து பார்க்கிறேன். பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய விடுவதில்லை.

கிண்ணத்தைக் கழற்றிய பின் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே பெட்ரோல் அசையும் ஒலி கேட்டால் அது ஓட்டையானது. மாற்றியே ஆக வேண்டும். அது நன்றாக இருந்தால் நீடிலின் முனையைப் பார்ப்பேன். சுற்றி ஒரு வளையம் பதிந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. புது நீடிலைப் போட்டும் சொட்டினால் சீட்டில்தான் படிவு இருக்கும்; உலோகப் பாலிஷ் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, பெட்ரோலில் கழுவி, காற்றடிக்க வேண்டும். உப்புத்தாளைச் சீட்டுக்குள் விடக்கூடாது. இவை அனைத்தும் சரியாக இருந்தும் சொட்டும் வண்டிகளில், கிண்ணத்தின் நடுவே நிற்கும் ஓவர்ஃப்ளோவின் பித்தளைக் குழாயில் மயிரிழை வெடிப்பு இருப்பதைக் கண்டிருக்கிறேன். கழற்றிய கிண்ணத்தில் குழாயின் மேல்வாய்க்குக் கீழே நிற்குமளவு பெட்ரோல் ஊற்றி வைத்தால் அது தெரிந்துவிடும்.

கிண்ணத்தின் அடியில் சிவப்பு வண்டல் கிடந்தால், எங்கள் ஊர்ச் செம்மண் தூசி என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். காற்றோடு வரும் தூசி பெரும்பாலும் ஏர் ஃபில்டரோடு நின்றுவிடும். கிண்ணத்தில் படிவது டேங்கின் உள்துரு. டேங்கைச் சுத்தம் செய்யாமல் நீடிலை மட்டும் மாற்றினால், அடுத்த துகள் புது நீடிலுக்கும் சீட்டுக்கும் இடையில் வந்து உட்காரும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புது வண்டிகள் பெரும்பாலும், கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பட்டறைக்கு வரும் இளைஞர்களுக்குக் கார்பரேட்டரைப் பிரித்துப் பழகும் வாய்ப்பு குறைந்துவருகிறது. அதனால் இத்தகைய வண்டி வரும்போது அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்தே பிரிக்கிறேன்.

வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போது, உரிமையாளரைவிட வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமே அதிக நேரம் பேசுகிறேன். “அண்ணே, அவங்க ஊருக்குக் கிளம்பினதும் டேப்பை மூடிட்டு, வண்டி தானா அணையிற வரைக்கும் ஓடவிடுங்க. அப்புறம் இந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடிச்சிருங்க” என்று சொல்லி, அந்த ஸ்க்ரூவை அவர் கையாலேயே ஒருமுறை திருகவைத்து அனுப்புகிறேன்.