சமிக்கி வைத்த முகக்கவசம்

காலையில் கடைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டு ஒரு முகக்கவசம் கொடுத்தார். நீலத் துணி. ஓரத்தில் ஒரே ஒரு வரிசை தங்கச் சமிக்கி.

"போன வருஷ டிரஸ்ல மிஞ்சினது. தூக்கிப் போட மனசு வரலை" என்றார்.

இன்று கார்னிவல் திங்கள், டிரினிடாடின் தெருத் திருவிழா தொடங்கும் நாள். 2021. கொரோனாவால் இந்த வருஷம் திருவிழா இல்லை.

விடியும் முன்பே சேறும் சாயமும் பூசிக்கொண்டு சனம் தெருவில் இறங்கியிருக்க வேண்டும். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இன்று சேவல் கூவியது கேட்டது.

போன வருஷம் பிப்ரவரி 24, 25ல் ஆடி முடித்தார்கள். மார்ச் 12ல் டிரினிடாடின் முதல் கொரோனா தொற்று. நடுவில் 16 நாள்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு நாள் கூத்து. உள்ளே மாதக்கணக்கில் தைக்கிறவர்கள், கம்பி வளைத்துச் சட்டம் கட்டுகிறவர்கள், எண்ணெய் பீப்பாயைத் தட்டித் தட்டி ஸ்வரம் பிடிக்கிறவர்கள். பான் என்கிற அந்தப் பீப்பாய் வாத்தியத்தைப் பழகும் இடமான பான் யார்டில் பள்ளிப் பிள்ளையும் தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்ப்பார்கள். இந்த வருஷம் அந்த வருமானமும் இல்லை, அந்தத் துணையும் இல்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

சாயந்திரம் எதிர்வீட்டு வராந்தாவில் ஒரு பையன் ஒற்றை டெனர் பான் வாத்தியத்தை எடுத்து வைத்து வாசித்தான்.

பக்கத்து வீட்டு அம்மா வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். முகக்கவசம் போட்டிருந்தார். தோள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

நான் ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்தேன்.