ரிசீவ் தரும் எண்ணைப் பாராமல் விடுவது

சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில், தறிகளின் ஓட்டக் கணக்கைச் சாக்கெட் (வலையமைப்பு இணைப்பின் முனை) வழியாகச் சேகரிக்கும் சி மொழி நிரலைப் பார்க்கச் சொன்னார்கள். வரும் தரவை வைக்கும் 1024 பைட் நினைவக இடமான பஃபரை முழுவதும் நிரப்பும்படி, சாக்கெட்டிலிருந்து தரவைப் பெறும் ரிசீவ் (recv) செயற்கூற்றை அழைத்துவிட்டு, அது தந்த எண்ணையே, அதாவது வந்த பைட்டுகளின் எண்ணிக்கையையே, இடமாகக் கொண்டு, சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழியத்தை எழுதியிருந்தார்கள். 1024 பைட்டும் வந்துவிட்டால் அந்தச் சுழியம் பஃபரைத் தாண்டி விழும். பிழை நேர்ந்து -1 வந்தாலோ, பஃபருக்கு முந்தைய பைட்டை அழிக்கும். அளவை 1023 ஆக்கி, எண் 0-வைவிடப் பெரிதா என்று பார்த்தபின் எழுதினால் இரண்டும் தீரும்.

0 என்றால் மறுமுனை இணைப்பை முறைப்படி மூடிவிட்டது என்று பொருள். ஆனால் மின்சாரம் போய்த் தறிப்பக்கக் கருவி திடீரென அணைந்தால் 0-வும் வராது, -1-உம் வராது. நேர வரம்பு வைக்காத ரிசீவ் காத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் போகாத தறிக்கூடம் எங்கள் பக்கம் உண்டா என்ன?

மறுமுனை சொல்லும் நீளத்தை அப்படியே நம்பி நினைவகத்தைத் தொடுவது இதைவிட மோசம். 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் குறையில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகம் அந்த நீளத்தைச் சரிபார்க்காததால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது.