சீல் போட்டோ மேல் விழவில்லை

2024 முதலமைச்சர் கோப்பையில் என் மகள் நீளம் தாண்டுதலில் மாவட்ட அளவில் மூன்றாமிடம். பரிசு 1,000 ரூபாய். முதலிடத்துக்கு 3,000, இரண்டாமிடத்துக்கு 2,000. அந்த ஆயிரத்துக்காக நான் அலைந்த அலைச்சலை அவள்கூட ஓடியிருக்க மாட்டாள்.

ஆன்லைன் பதிவு பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வினை போனஃபைடில், அதாவது இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று பள்ளி தரும் சான்றிதழில், வந்தது. பள்ளிக்குப் போனால், "எச்.எம். மீட்டிங் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க" என்றார் ஆபீஸ் ரூமில் இருந்தவர். மறுநாள் போனால், "போட்டோ எங்கம்மா?" அதை நேற்றே சொன்னால் என்ன? மூன்றாம் நாள் ஒருவழியாகக் கைக்கு வந்தது. வாங்கிய சந்தோஷத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை. சீல் போட்டோவைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி அழகாக விழுந்திருந்தது.

போட்டியன்று விடிகாலையில் மேலூரில் பஸ் ஏறி, மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்து ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் போய்ச் சேர்ந்தோம். சரிபார்ப்பு மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "போட்டோ மேல சீல் இல்லையேம்மா." வாட்ஸ்அப்பில் வேறு வாங்கித் தரட்டுமா என்றேன். ஒரிஜினல்தான் வேண்டுமாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை. போட்டோவை மாற்றி ஒட்டி ஆளை இறக்குவது நடக்காத விஷயமா என்ன?

நல்லவேளை, பி.டி. சார் கூட இருந்தார். அவர் பள்ளிக்குப் போன் போட, நான் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் புதுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பைக்கில் 30 கிலோமீட்டர் வந்தான். சீல் மை தாளின் மறுமடிப்பிலும் ஒட்டியிருந்தது. அதற்குள் மைக்கில் அவளை இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார்கள்.

வார்ம்-அப் எதுவும் இல்லை. முதல் இரண்டு தாண்டலுக்கும் சிவப்புக் கொடி, ஃபவுல். மூன்றாவதில், கால் ஊன்றித் தாண்ட வேண்டிய பலகைக்கு ஒரு ஜாண் முன்னாலேயே காலை ஊன்றிவிட்டாள். பலகையிலிருந்துதான் அளப்பார்கள், அந்த ஒரு ஜாண் போனது போனதுதான். ஆனாலும் வெள்ளைக் கொடி, 4.41 மீட்டர்.

கதை இத்தோடு முடியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கில் பரிசுப் பணம் ஏறிவிட்டது, எங்களுக்கு மட்டும் இல்லை. அவள் பாஸ்புக், அந்த வங்கியை வேறு வங்கியோடு இணைப்பதற்கு முன்னால் வாங்கியது. அதில் இருந்த ஐஎஃப்எஸ்சி எண் (வங்கிக் கிளையின் குறியீடு) எப்போதோ செல்லாமல் போயிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நானும் படிவத்தை நிரப்பியிருந்தேன். உங்கள் வீட்டிலும் பழைய பாஸ்புக் இருந்தால், பதிவுக்கு முன்பே கிளைக்குப் போய்ப் புதிது வாங்கிவிடுங்கள். கணக்கு பிள்ளையின் பேரிலேயே இருக்கட்டும். பத்து வயதுக்கு மேல் தாராளமாகத் தொடங்கலாம். அப்புறம், போனஃபைடில் ஒன்றுக்கு இரண்டு ஒரிஜினல் வாங்கி வையுங்கள்.

புதுப் பாஸ்புக் நகலோடு மனு கொடுத்து, இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. ஸ்பைக்ஸ் ஷூ வேண்டும் என்றாள். ஆயிரத்துக்குள் கிடைக்கவில்லை, மீதியை நான் போட்டேன்.

இந்த வருஷமும் போனஃபைட் வாங்கப் போனேன். அதே ஆபீஸ் ரூம்காரர் சீலை எடுத்ததுமே போட்டோவின் ஓரத்தில் விரலை வைத்து, "சார், இங்க" என்றேன். முறைத்துக்கொண்டே குத்தினார். பாதி போட்டோவில், பாதி தாளில், கச்சிதம்.